தீயும் தெளிவும்

நுழையும்முன்

நம்பிக்கை கூறும் ஒன்றை அறிவியல் சோதிக்க இயலுமா? நம் ஊர்த் திருவிழாக்களில் காணும் தீமிதியைக் கொண்டு இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

கண்டதும் கொண்டதும்

சேலம் மாவட்டத்தின் கெங்கவல்லி வட்டாரத்து மக்களுக்குத் தீமிதி புதிதன்று. அம்மன் திருவிழாவில், காப்புக் கட்டி விரதமிருந்தோர் தீக்குண்டத்தில் இறங்கிக் கடப்பர். 'அம்மன் அருளால் கால் சுடவில்லை' என்பர். இக்கூற்றில் இரு பகுதிகள் உள்ளன. கால் சுடவில்லை என்பது கண்ட நிகழ்வு. அருளே காரணம் என்பது அதற்குக் கொண்ட விளக்கம். அருளை அளக்கும் கருவி அறிவியலிடம் இல்லை. ஆயினும், 'விரதமிருந்தோரைத் தீ சுடாது. பிறரைச் சுடும்' என்பதைச் சோதிக்கலாம்.

சோதனை

1935இல் காஷ்மீரைச் சேர்ந்த குடா பக்ஸ், இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஆய்வாளர் முன்னிலையில் தீக்குழியைக் கடந்தார். அதன் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 430 டிகிரி செல்சியஸ். அவர் பாதங்கள் புண்படவில்லை. உடன் முயன்ற ஆங்கிலேயருக்கோ கொப்புளங்கள் எழுந்தன. நம்பிக்கையே காத்தது என்று முடிவுசெய்யத் தோன்றும். ஆனால், 1937இல் நிகழ்ந்த மற்றொரு சோதனையில் ஆங்கிலேயர் ஒருவரும் காயமின்றிக் கடந்தார்.

விளக்கம் எளியது. மரக்கரி வெப்பத்தை மெல்லக் கடத்தும். மேலே படியும் சாம்பலும் அதனைத் தடுக்கும். ஒவ்வோர் அடியும் ஒரு நொடிக்கும் குறைவாகவே கங்கில் படிகிறது. அதே வெப்பமுள்ள இரும்புத் தகட்டில் கால் வைத்தால், எவர் பாதமும் வெந்துபோகும்.

எஞ்சுவது

குண்டத்தில் இடறி விழுந்து புண்பட்டவரை, 'விரதத்தில் குறை வைத்தாய்' என்று பழிப்பதுண்டு. உடல் வெந்தவரின் உள்ளமும் வேகிறது. கங்கின் தன்மையை அறிந்த சமுதாயம் அவரைப் பழிக்காது. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும். சோதனையின் பயன் இதுவே.

மகனின் பிணி தீர வேண்டிக்கொண்ட தாயின் அன்பை இச்சோதனை பொய்யாக்கவில்லை. அது சோதனைக்கு உரிய பொருளும் அன்று. ஆனால், உலக நிகழ்வைப் பற்றிய கூற்று எவருடையதாயினும் சான்றுக்கு உட்பட்டதே. அறிவியல் மனப்பான்மையையும் ஆராயும் உணர்வையும் வளர்ப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமை என, 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி நம் அரசமைப்புச் சட்டம் வகுத்துள்ளது. வணங்கும் கை வினவவும் உயரலாம்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் வழங்கும் நம்பிக்கை ஒன்றைத் தேர்ந்து, அதில் சோதிக்கத்தக்க பகுதியையும் சோதனைக்கு அப்பாற்பட்ட பகுதியையும் பிரித்து எழுதுக.