பழைய டோக்கனை ரத்துசெய்

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. குழுவின் கிட்ஹப்போடு ஏஐ உதவியாளரை இணைத்துவிட்டாய், இஷ்யூவைப் படித்துக் கோட் எழுதி, புல் ரிக்வெஸ்ட் வரை அதுவே போட்டுவிடுகிறது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். லேபிள் ஒட்டுவதும், ஒரே புகார் இரண்டு முறை வந்திருக்கிறதா என்று துழாவுவதும், தோற்றுப்போன டெஸ்ட்டின் லாகைப் புரட்டுவதும் நம் நாளைத் தின்னும் வேலைகள். அவை கைமாறட்டும்.

ஆனால் இணைப்புக்கு உன்னிடம் ஏற்கெனவே இருந்த டோக்கனையே கொடுத்துவிட்டதாகப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறாய். அங்கேதான் எனக்குத் திக்கென்றது. பழைய வகை டோக்கனில் ரெப்போ அனுமதியை டிக் செய்தால், உன் கணக்குக்கு எட்டும் அத்தனை ரெப்போவும் அதற்கும் எட்டும், தனியார் ரெப்போ உட்பட. ஓர் அறையைப் பெருக்க வந்தவரிடம் வீட்டுச் சாவிக்கொத்தையே நீட்டுவது போன்ற காரியம் இது. ரெப்போ வாரியாக, அனுமதி வாரியாகப் பிரித்துத் தரும் டோக்கன் 2022 அக்டோபரிலேயே கிட்ஹப்பில் வந்துவிட்டது. காலாவதித் தேதியும் வைக்கலாம்.

இந்தப் பயம் கற்பனை இல்லை. கருவிகளோடு ஏஐ மாடல்கள் பேசுவதற்கான எம்சிபி என்ற திறந்த நெறிமுறையை ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் கிட்ஹப் தன் சொந்த எம்சிபி சர்வரைக் கொண்டுவந்தது. மே மாதமே இன்வேரியன்ட் லேப்ஸ் ஆய்வாளர்கள் ஒன்றைச் செய்து காட்டினார்கள். யார் வேண்டுமானாலும் இஷ்யூ எழுதக்கூடிய பொது ரெப்போவில், உதவியாளருக்கான கட்டளையை உள்ளே வைத்து ஓர் இஷ்யூ போட்டார்கள். ரெப்போவின் உரிமையாளர் கேட்டதோ, திறந்திருக்கும் இஷ்யூக்களைப் பார் என்பது மட்டும்தான். உதவியாளர் அந்தக் கட்டளைக்கும் கீழ்ப்படிந்து, தனியார் ரெப்போவுக்குள் போய் விவரங்களை எடுத்து, பொது ரெப்போவில் புல் ரிக்வெஸ்ட்டாகப் போட்டுவிட்டது. டோக்கனை யாரும் திருடவில்லை, சர்வரின் கோடிலும் பிழை இல்லை. ஒவ்வொரு படியும் அனுமதிக்கப்பட்ட படிதான்.

நீ சொன்னதும் ஊர்பேர் தெரியாதவர் இஷ்யூவில் எழுதியதும் மாடலுக்குள் ஒரே எழுத்தோட்டமாகத்தான் போய்ச் சேருகின்றன. எது எஜமானியின் சொல், எது வழிப்போக்கரின் சொல் என்று நிச்சயமாகப் பிரிக்கும் வழி இன்னும் வரவில்லை. இந்தத் தாக்குதலுக்கு 2022இல் ‘பிராம்ப்ட் இன்ஜெக்‌ஷன்’ என்று பெயர் வைத்த சைமன் வில்லிசன், 2025இல் அதை மூன்றாக உடைத்துச் சொன்னார்: அந்தரங்கத் தரவு, நம்ப முடியாத உரை, வெளியே அனுப்பும் வழி. மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் ஆபத்து. ஆகவே பொது இஷ்யூக்களைப் படிக்கும் வேலைக்கு அந்த ஒரே ரெப்போவின் டோக்கனைக் கொடு, தனியார் ரெப்போ வேலையை வேறு அமர்வில் வை. படித்தால் போதும் என்ற இடத்தில் கிட்ஹப் சர்வரைப் படிக்க மட்டும் என்ற நிலையில் ஓட்டு. உதவியாளர் அனுமதி கேட்கும்போது ‘எப்போதும் அனுமதி’ பொத்தானை அழுத்தாதே. சலிப்பில்தான் எல்லோரும் அதை அழுத்துகிறார்கள்.

ஒர்க்ஃப்ளோ கோப்புகளை உதவியாளர் தொட்டால் கட்டாயம் ஒரு மனிதர் பார்க்கட்டும், கோட்ஓனர்ஸ் கோப்பில் எழுதி, பிராஞ்ச் பாதுகாப்பு விதியில் அதைக் கட்டாயமாக்கிவிடலாம். அந்தக் கோப்புகள் வெளியார் எழுதிய ஆக்‌ஷன்களையும் இழுத்து ஓட்டும், ஆபத்து அங்கேயும் உண்டு. 2025 மார்ச்சில் டிஜே-ஆக்‌ஷன்ஸ் என்ற குழுவின் ஓர் ஆக்‌ஷனில் தாக்குதல்காரர்கள் டேக்குகளைத் தீய கமிட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். அதைப் பயன்படுத்திவந்த ரெப்போக்கள் 23,000க்கு மேல். பலவற்றின் ரகசியங்கள் லாகில் கொட்டின. எனவே டேக்கை நம்பாதே, 40 எழுத்துக் கமிட் ஹாஷைப் போடு.

இன்னொன்று. உதவியாளர் எழுதும் புல் ரிக்வெஸ்ட் விளக்கம் மணியாக இருக்கும். மயங்காமல் டிஃப்பை முதலில் படி. டெஸ்ட் தேற வேண்டும் என்றால், சில சமயம் டெஸ்ட்டையே திருத்திவைக்கும்! 2025 மே மாதம் வந்த கிட்ஹப்பின் கோபைலட் கோடிங் ஏஜென்ட்டில், வேலையைக் கொடுத்தவரே அதன் புல் ரிக்வெஸ்ட்டுக்கு ஒப்புதல் தர முடியாதபடி வைத்திருந்தார்கள். உங்கள் குழுவிலும் இதே விதி இருக்கட்டும், மெர்ஜ் பொத்தானை இன்னொருவர் அழுத்தட்டும்.

பதில் கடிதம் பிறகு எழுதலாம். முதலில் செட்டிங்ஸுக்குப் போய் அந்தப் பழைய டோக்கனை ரத்துசெய்.

அன்புடன்,
அண்ணன்