இறங்குதலும் மீண்டெழுதலும்

காவிரி பாயும் நம் தஞ்சை வயல்களிற் கொக்கு இறங்குவதை நாம் கண்டிருக்கிறோம். கால் ஊன்ற எண்ணிய இடம் தகாதெனத் தோன்றின், அது சிறகடித்து மேலெழுந்து, வட்டமிட்டு மறுபடியும் வரும். விமானவோட்டி கற்கவேண்டிய பாடமும் இதுவே.

இறங்கும் விமானம் உரிய உயரத்தோடும் வேகத்தோடும் வந்து, ஓடுபாதையின் தொடக்கத்தை அடுத்துத் தரை தொடல் வேண்டும். இவை மிகுமாயின் பாதையின் பெரும்பகுதி வானிலேயே கழிந்துபோம்; எஞ்சிய தூரம் நிற்பதற்குப் போதாது. அங்ஙனம் நேரின், இறங்குதலைக் கைவிட்டு மீண்டெழுதலே விதி.

2010-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் நாள், துபாயினின்று மங்களூருக்கு வந்த விமானம் மிகுந்த உயரத்திலேயே பாதையை நெருங்கிற்று. மீண்டெழுமாறு துணை விமானவோட்டி மும்முறை கூறினார். எச்சரிக்கைக் கருவியும் ஒலித்தது. தலைவரோ இறங்குதலையே தொடர்ந்தார். 8,033 அடி நீளமுள்ள பாதையில் ஏறத்தாழ 5,200 அடி கடந்தபின்னரே சக்கரங்கள் தரையைத் தொட்டன. அதன்பின் எழ முயன்றது காலங்கடந்த செயலாயிற்று. அவ்விடம் நம் நாட்டைப்போற் சமவெளியன்று. குன்றின் உச்சியை மட்டமாக்கி அமைத்த பாதை. விமானம் பள்ளத்தில் வீழ்ந்தது. 166 பேரில் 158 பேர் மாண்டனர்.

துணைவர் சொன்னாரேயன்றி, விமானத்தைத் தம் கையில் ஏற்றிலர். அவருக்கு அவ்வதிகாரம் உண்டென விதிகள் தெளிவாய்க் கூறாமை அதற்குக் காரணமாகலாமென விசாரணைக் குழு கருதிற்று.

மாணவ நண்பர்களே! பிழையைக் காணும் இளையோர் அதனைத் தெளிவாய்ச் சொல்லக் கடவர். மூத்தோர் செவிசாய்க்கக் கடவர். தொடங்கிய காரியத்தை உரிய காலத்திற் கைவிட்டு மீண்டும் முயலுதல் தோல்வியன்று.