திறந்து கிடக்கும் ஜன்னல்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கருவேப்பிலங்குறிச்சிக்காரர்கள் சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று எதற்கும் முன்பெல்லாம் விருத்தாசலம் தாலுகா அலுவலகத்துக்குத்தான் பஸ் ஏற வேண்டும். இப்போது அந்த விண்ணப்பத்தை இ-சேவை மையத்திலேயே போட்டுவிடலாம். பிளஸ் டூ முடிவு வந்த கையோடு கூட்டம் சேரும் நாட்களில், இப்படியொரு மையத்தின் கணினியில் என்னவெல்லாம் திறந்திருக்கும்? விண்ணப்பப் பக்கம், பட்டா பார்க்கும் 'எங்கிருந்தும் எந்நேரமும்' தளம், வில்லங்கச் சான்றுக்குப் பதிவுத்துறைத் தளம், ஆதார், வாட்ஸ்அப் வெப், ஸ்கேன் செய்த கோப்புகள் கிடக்கும் ஃபோல்டர். டேபுகள் நெருக்கியடித்து, பெயர் மறைந்து, குட்டிப் படம் மட்டும் தெரியும். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை அலுவலகத்திலும் இதே கதைதான். அங்கே டேலியும் இ-வே பில்லும் கூடச் சேர்ந்துகொள்ளும்.

இந்த நெரிசலைச் சமாளிக்க ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அதில் முதல் வைத்தியம், "டேப் கூடினால் சிஸ்டம் ஸ்லோ ஆகும், எல்லாத்தையும் மூடு" என்பது.

இது பாதிதான் சரி. மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை முன்னின்று உருவாக்கிய குரோம் 2008 செப்டம்பரில் வெளிவந்தபோது, டேபுகளைத் தனித்தனி இயக்கங்களாகப் பிரித்து ஓட்டியது. ஒரு பக்கம் முடங்கினாலும் மற்றவை பிழைக்கும். அதற்கான விலை, கூடுதல் ரேம். 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினி அதனால் திணறுவது உண்மை. ஆனால் திணறடிப்பது எண்ணிக்கை மட்டுமல்ல. வீடியோ ஓடும் ஒரு பக்கம், சாதாரண எழுத்துப் பக்கங்கள் பலவற்றைவிட அதிகம் தின்னக்கூடும். குரோமில் ஷிஃப்ட்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் எந்த டேப் எவ்வளவு எடுக்கிறது என்ற பட்டியலே வந்துவிடும். அதைப் பார்த்து மூட வேண்டியதை மூடினால் போதும்.

நெடுநேரம் தொடாத டேபுகளை உறங்க வைக்கும் வசதியும் வந்துவிட்டது. எட்ஜ் 2021 ஜனவரியிலும் குரோம் 2022 டிசம்பரிலும் அதைக் கொண்டுவந்தன. பாதி நிரப்பிய படிவம் இருக்கும் பக்கத்தை குரோம் உறங்க வைப்பதில்லை. ஆனால் தளத்தின் தரப்பில் லாகின் நேரம் முடிந்துபோனால் பிரவுசரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே ஸ்கேன் வேலைகளை முடித்துவிட்டு, அதற்குப் பிறகு லாகின் செய்வதே நல்லது.

மினிமைஸ் செய்தால் ரேம் பாரம் இறங்கிவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. அப்படி இறங்கிவிடாது. ஜன்னல் கண்ணிலிருந்து மறைந்து, 1995இல் விண்டோஸ் 95உடன் வந்த டாஸ்க்பாரில் ஒதுங்குகிறது, அவ்வளவே. நிரல் ரேமில் உட்கார்ந்தபடிதான் இருக்கும்.

அடுத்தது ஒரு பயம்: "மூடிட்டா திரும்பக் கிடைக்காது." அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு, மக்கள் டேபுகளை மூடாமல் குவிப்பதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம் என்றது. கன்ட்ரோல், ஷிஃப்ட், டி (T) மூன்றையும் அழுத்தினால் கடைசியாக மூடிய டேப் திரும்பி வரும், மறுபடி அழுத்தினால் அதற்கு முந்தையது. குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட்டோடு டி-க்குப் பதில் ஏ (A) அழுத்தினால் திறந்திருக்கும் டேபுகளைப் பெயர் சொல்லித் தேடலாம். பயத்துக்குப் பெரும்பாலும் இடமில்லை.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நான்கு பேரின் வேலை ஒரே திரையில் கலந்து கிடப்பது அது. ஒருவருடைய இ-சேவைப் பதிவு எண்ணான கேன் நம்பருக்கு எதிரே இன்னொருவருடைய ரேஷன் கார்டு ஸ்கேன் ஏறிவிட்டால், அந்தக் குடும்பத்துப் பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கைக்கே சான்று தாமதமாகும். சூளைக்குப் போகவேண்டிய பச்சைப் பொம்மையையும் வெந்து வந்த பொம்மையையும் பட்டறைக்காரர் ஒரே பலகையில் அடுக்க மாட்டார். திரையிலும் அந்த ஒழுங்கு வேண்டும்.

அதற்கு இரண்டாவது மானிட்டர் வாங்க வேண்டும் என்பார்கள். வேண்டியதில்லை. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ஆஸ்டின் ஹென்டர்சனும் ஸ்டூவர்ட் கார்டும் 1986லேயே 'ரூம்ஸ்' என்ற ஏற்பாட்டை விவரித்துவிட்டார்கள். மனிதர்கள் ஜன்னல்களை வேலைவாரியாகக் கூட்டம் கூட்டமாகப் பயன்படுத்துகிறார்கள், ஆகவே வேலைக்கொரு அறையாகத் திரையைப் பிரித்துவிடலாம் என்பதே அவர்கள் கண்டது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. அதிலும் இப்படிப் பல பணித்திரைகள் உண்டு. விண்டோஸ் பக்கம் மட்டுமே போன பிள்ளைகள் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

விண்டோஸில் இந்தப் பணித்திரை வசதி 2015இல் விண்டோஸ் 10உடன் வந்தது. விண்டோஸ் பட்டன், கன்ட்ரோல், டி (D) அழுத்தினால் புதிய டெஸ்க்டாப். விண்டோஸ் பட்டன், கன்ட்ரோலோடு இடது வலது அம்புக்குறி அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவலாம். 'சான்றிதழ்', 'பட்டா', 'கணக்கு' என்று பெயரும் வைக்கலாம். ஒரு டெஸ்க்டாப்புக்குள்ளேயே டேபுகளைக் குழுவாக்கி நிறம் கொடுக்கும் வசதி குரோமில் 2020 முதல் இருக்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு குழு, வேலை முடிந்ததும் குழுவோடு மூடிவிடலாம். சின்ன மையங்களுக்கு இதைவிடப் பயனுள்ள பழக்கம் வேறில்லை.

ஆனால் டெஸ்க்டாப் பிரித்தால் லாகினும் பிரிந்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. பிரவுசர் ஒன்றேதான், ஒரு திரையில் திறந்த கணக்கு மறு திரையிலும் திறந்தே இருக்கும். டேபை மூடினால் கணக்கும் மூடியதாகிவிடும் என்ற நினைப்பு இதைவிட ஆபத்தானது. லாகின் அடையாளம் பிரவுசரில் தங்கிவிடும். 'விட்ட இடத்திலிருந்து தொடர்' என்ற அமைப்பைப் போட்டு வைத்திருந்தால், குரோமையே மூடித் திறந்தாலும் கணக்கு அப்படியே நிற்கக்கூடும்.

இன்காக்னிட்டோ காப்பாற்றும் என்பதும் ஓரளவுக்குத்தான். அந்த ஜன்னல்களையெல்லாம் மூடிய பிறகு வரலாறு அழியும், டவுன்லோடு ஆன ஆதார் நகல் ஃபோல்டரிலேயே கிடக்கும். அதை யாராவது கையால் அழிக்க வேண்டும்.

மையம் நடத்துபவர்கள், வாடிக்கையாளரின் சொந்தக் கணக்கைத் திறக்கும்போது குரோமின் கெஸ்ட் ஜன்னலைப் பயன்படுத்துங்கள். வாடிக்கையாளர்களே, நாற்காலியை விட்டு எழும் முன் "லாக்-அவுட் பண்ணியாச்சா, என் ஃபைலை அழிச்சாச்சா?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.