செம்மணல் தேரி: ஒரு நாள் பயணம், ஒரு பாடம்

(சிவில் இரண்டாம் ஆண்டு மாணவன் எழுதியது)



டூர் என்றதும் நம்ம வகுப்பில் ஊட்டியா, கொடைக்கானலா என்றுதான் சண்டை வரும். "பாலைவனம் பார்க்கப் போகலாமா?" என்று நான் கேட்டபோது, "ராஜஸ்தானுக்கு டிக்கெட் எடுத்துக் குடுல, வாரோம்" என்று எல்லோரும் சிரித்தார்கள். ராஜஸ்தான் வரை போக வேண்டாம். திருச்செந்தூர் வந்தால் போதும். அங்கிருந்து இரண்டு பைக்கில் நாலு பேர் ஒரு பங்குனி மாதக் காலையில் போய் வந்தோம். அந்தப் பயணத்தையும், அதில் நான் படித்த பாடத்தையும் இங்கே எழுதுகிறேன்.

தேரி என்றால் என்ன?

தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் கடலோரத்தில் மேடு மேடாகக் குவிந்து கிடக்கும் செம்மணல் காட்டைத் தேரி என்கிறோம். அதில் பெயர் பெற்றது குதிரைமொழித் தேரி. ஆண்டுக்கு 250 மில்லி மீட்டருக்கும் குறைவாக மழை பெய்யும் இடத்தைப் பாலைவனம் என்பார்கள். எங்கள் மாவட்டத்தில் சுமார் 650 மில்லி மீட்டர் பெய்கிறது. அப்படிப் பார்த்தால் தேரி பாலைவனமே இல்லை. ஆனாலும் பார்ப்பதற்குப் பாலைவனம்தான். பெய்த மழை மேலே நிற்காது, மண் உடனே குடித்துவிடும். காரணம் அதுதான்.

என் ஊர் அந்தத் தேரி ஓரம். அப்பா பனையேறி. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான் ஒருத்தன்தான். முதலாண்டில் "எந்த ஊரு?" என்று யாராவது கேட்டால் "திருச்செந்தூர்" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். தேரிக்காட்டான் என்று சொல்லிக்கொள்ள வெட்கம்.

வழியும் காட்சியும்

திருச்செந்தூரில் இருந்து காயாமொழி ரோட்டில் கிளம்பினோம். முதலில் வாழைத் தோட்டம், தென்னை, வாய்க்கால். காயாமொழி தாண்டியதும் மண்ணின் நிறம் மாறத் தொடங்கும். கொஞ்ச தூரத்தில் இரண்டு பக்கமும் செக்கச் செவேல் என்று மேடுகள், நடுவில் கறுப்புத் தார் ரோடு. பனையும், முந்திரியும், குடை விரித்த மாதிரி நிற்கும் குடைவேல மரமும் தவிர வேறு பச்சை குறைவு. காலை வெயில் சாய்ந்து விழும்போது அது கண்கொள்ளாக் காட்சி. கூட வந்த நண்பன் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, "மாப்ள, இத வச்சிக்கிட்டா ஊர் பேரச் சொல்லாம மறைச்ச?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

மணல் ஏன் சிவப்பு? மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ்தான். அதன் மேல் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மணலில் உருட்டிப் பாருங்கள், கறுப்புத் துகள்கள் ஒட்டி வரும். மேக்னடைட், இல்மனைட் போன்ற தாதுக்கள் அவை.

மேடுகளைக் கட்டியது யார்? காற்று. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக இங்கே வந்து அடிக்கும். காற்று ஏறும் பக்கம் மேடு சரிவாக இருக்கும், இறங்கும் பக்கம் செங்குத்தாக இருக்கும். உலர்ந்த மணல் சுமார் 30 முதல் 35 டிகிரிக்கு மேல் நிற்காமல் சரிந்துவிடும் என்று நாம் படித்தோமே, அதை அங்கே காலால் மிதித்தே பார்க்கலாம்.

இந்த மண் இன்று நேற்று வந்ததல்ல. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தில் கடல் மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்து இருந்தது. அதன் பிறகு கடல் ஏறியும் இறங்கியும் போன காலங்களோடு சேர்ந்தது தேரியின் கதை. தேரிகளில் கிடைத்த பழங்கால மனிதரின் சிறு கற்கருவிகளைப் பற்றி சாய்னர், ஆல்சின் என்ற இரு அறிஞர்கள் 1956-இல் எழுதியிருக்கிறார்கள். ஆக, நமக்கு முன்னாலேயே இங்கே பிழைத்தவர்கள் இருக்கிறார்கள்.

தண்ணீர் எங்கே?

மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோவிலுக்குப் போனோம். சுற்றிலும் செம்மணல், நடுவில் சுனை! குடித்த மழையைத் தேரி வீணாக்கவில்லை. மணல் வழியாக இறங்கி, அடியில் களிமண் தடுக்கும் இடத்தில் தேங்கி, தாழ்வான ஓரத்தில் ஊற்றாக வெளியே வருகிறது. தேரி ஓரக் கிணறுகள் கோடையிலும் ஊறுவதற்கு இதுவே காரணம்.

இதை நான் தெரிந்துகொண்டது சாயில் மெக்கானிக்ஸ் லேபில். அவரவர் ஊர் மண் கொண்டு வரச் சொன்னார்கள். நான் ஹார்லிக்ஸ் பாட்டிலில் தேரி மணல் கொண்டு போய், "இது ஒண்ணுக்கும் உதவாத மண்ணு சார்" என்று கொடுத்தேன். சல்லடையில் சலித்தால் ஏறத்தாழ எல்லாம் ஒரே அளவு. தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் இறங்கியது. சார் சொன்னார்: "உதவாததுன்னு சொல்லாத தம்பி. உங்க ஊரு தண்ணித் தொட்டியே இதுதான்."

அதே வாரம் ஊருக்குப் போனேன். எங்களுக்குத் தேரி ஓரம் ஒரு ஏக்கர் உண்டு. அதில் மண் அள்ள லோடுக்கு இவ்வளவு என்று ஒருவர் விலை பேசிப் போயிருந்தார். என் பீஸுக்கும், அக்கா கல்யாணக் கடனுக்கும் அப்பா ஒத்துக்கொள்கிற மாதிரி இருந்தார். நான் ராத்திரி பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி, அடியில் களிமண்ணும் மேலே தேரி மணலும் போட்டு, தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். பக்கவாட்டில் ஓட்டை போட்ட இடத்தில் சொட்டுச் சொட்டாக வந்தது. பிறகு மணலை எடுத்துவிட்டு ஊற்றினேன். தண்ணீர் களிமண் மேலேயே நின்றது.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மண்ணு போனா கெணறும் போயிரும்னு ஒங்க தாத்தாவும் சொல்லுவாருல. பணம் வேணுமேன்னுதான் யோசிச்சேன்" என்றார். மறுநாள் அந்த ஆளிடம் முடியாது என்று சொல்லிவிட்டார். மழைக்காலத்து நல்ல விலைக்கு என்று வைத்திருந்த கருப்பட்டியை முன்னாலேயே விற்று என் பீஸைக் கட்டினார். அக்கா கடன் இன்னும் பாக்கி. அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஹாலோபிளாக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன். இருந்தாலும், வீட்டில் ஒரு முடிவுக்கு என் படிப்பு உதவிய முதல் நாள் அது.

பனையில் இருந்து கடல் வரை

தேரிக்குடியிருப்பு, மெஞ்ஞானபுரம் வழியாக உடன்குடி போனோம். வழியில் ஒரு விடிலியில் நிறுத்தி, பனை ஓலைப் பட்டையில் பதநீர் குடித்தோம். கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது பதநீர் புளிக்காமல் இருக்க. அதைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பனையின் வேர் மணலைப் பிடித்து நிறுத்துகிறது, பாளை குடும்பத்தைப் பிடித்து நிறுத்துகிறது.

அடுத்து குலசேகரன்பட்டினம். இங்கே ராக்கெட் ஏவுதளத்துக்கு 28-2-2024 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து தெற்கே ஏவினால் இலங்கைக்கு மேல் போகாமல் வளைந்து செல்ல வேண்டும், எரிபொருள் வீணாகும். இங்கிருந்து நேராகத் தெற்கே விடலாம். கடைசியாக மணப்பாடு. மணல் குன்றின் மேல் தேவாலயம், கீழே கடல். 1542-இல் புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகையும் அங்கே உண்டு. காலையில் சிவப்பு மணலில் தொடங்கிய நாங்கள், மாலையில் வெள்ளை மணலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம்.

போகிறவர்களுக்கு

காலை ஏழு மணிக்குள் தேரிக்குள் இருங்கள், அல்லது மாலை நாலு மணிக்கு மேல் வாருங்கள். நடுப்பகலில் மணல் காலைச் சுட்டுவிடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். பைக்கைத் தார் ரோட்டிலேயே நிறுத்துங்கள், மணலில் விட்டால் சக்கரம் புதையும். ஒரு பகுதி வனத்துறையின் காப்புக்காடு, அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள். பாட்டிலையும் பிளாஸ்டிக்கையும் திரும்ப எடுத்து வாருங்கள். ஒரு கைப்பிடி மணல் லேபுக்கு எடுக்கலாம், லோடு கணக்கில் எடுக்க விடாதீர்கள்.

இப்போது யாராவது ஊர் கேட்டால் தேரிக்காடு என்றே சொல்கிறேன். நண்பர்களே, பங்குனி பிறந்ததும் வாருங்கள். அப்பா மரம் ஏறத் தொடங்கியிருப்பார். பதநீர் நம்ம வீட்டில்!