ஆம்பளைக்கு எதற்குச் சங்கம்?

2023 நவம்பரில் தமிழக அரசு ஊர் ஊராகப் போய்ப் புற்றுநோயைத் தேடிக் கண்டுபிடிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்ட நான்கு மாவட்டங்களில் கன்னியாகுமரியும் ஒன்று. ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மற்ற மூன்று. வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கு அதில் சோதனை உண்டு. ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய்க்கு இல்லை. அது குறை அல்ல. எல்லா ஆண்களுக்கும் ஒரேயடியாக அந்தச் சோதனையைச் செய்வது நல்லதா என்ற வாதம் உலகம் முழுக்க இன்னும் ஓயவில்லை. ஆனால் பெண்களிடம் வீட்டு வாசலில் நின்று பேச ஒரு நர்ஸ் வருகிறார். ஆண்களிடம் இந்த நோயைப் பற்றிப் பேச ஒருவரும் வருவதில்லை. 2022 கணக்குப்படி இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 38,000 ஆண்களுக்குப் புதிதாக வருகிற நோய் இது. குமரி மாவட்டத்தின் வடசேரியிலும் மார்த்தாண்டத்திலும் குளச்சலிலும் இந்த நோயைப் பற்றியும் நோயாளிகள் சங்கம் சேர்வதைப் பற்றியும் புழங்குகிற பேச்சில் சிலவற்றை எடுத்துச் சரிபார்ப்போம்.

“சங்கம் என்றால் கூடி உட்கார்ந்து அழுவது. ஆம்பளைக்கு அது எதற்கு?”

1990-ல் சிகாகோ வட்டாரத்தில் புராஸ்டேட் நோயாளிகள் சிலர் தங்கள் மருத்துவரின் துணையோடு ‘அஸ் டூ’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 2004-ல் ஐரோப்பிய நாடுகளின் நோயாளர் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து ‘யூரோபா உவோமோ’ ஆயின. இவர்கள் கூடி ஆறுதல் சொல்லிக்கொண்டதோடு நிற்கவில்லை. 2019-ல் யூரோபா உவோமோ நடத்திய ஆய்வில், சிகிச்சை முடிந்த ஏறத்தாழ 3,000 ஆண்கள் பெயர் சொல்லாமல், மருத்துவர் எதிரே உட்காராமல், வீட்டிலிருந்தே பதில் எழுதினார்கள். தாம்பத்தியம் எவ்வளவு அடிபட்டது, சிறுநீர் எவ்வளவு கசிகிறது, உடம்பு எவ்வளவு களைக்கிறது என்று எல்லாவற்றையும் எழுதினார்கள். டாக்டர் அறையில் “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் “பரவாயில்லை” என்று சொல்லிவிட்டு எழுந்து வருகிற அதே ஆட்கள்தான். கேட்பவரும் தன்னைப் போன்ற நோயாளி என்றதும் வாய் திறந்தார்கள். அந்தப் பதில்கள்தான், ஆபத்தில்லாத இடத்தில் உடனே கத்தி வைக்காமல் கவனித்துவரலாம் என்று வாதாட அவர்களுக்குக் கை கொடுத்தன. அமெரிக்காவில் 1997-ல் தொடங்கிய அரசின் புராஸ்டேட் ஆராய்ச்சித் திட்டத்தில், எந்த ஆய்வுக்குப் பணம் கொடுக்கலாம் என்று மதிப்பிடும் குழுவில் விஞ்ஞானிகளோடு நோயாளிகளும் உட்காருகிறார்கள்.

“மருந்து விலையைக் கம்பெனிக்காரன் வைப்பான். நோயாளி என்ன செய்ய முடியும்?”

இந்தக் கேள்விக்கான பதில் நம் சென்னையிலேயே இருக்கிறது. கிளிவெக் என்ற ரத்தப் புற்றுநோய் மாத்திரை மாதத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றது. அதே மருந்தை இந்திய நிறுவனங்கள் பத்தாயிரம் ரூபாய் அளவில் தந்தன. கிளிவெக்கைத் தயாரித்த நோவார்ட்டிஸ் நிறுவனம் அதற்குக் காப்புரிமை கேட்டு சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் மனு போட்டது. எதிர்மனு போட்டவர்களில் மும்பையில் 1969 முதல் இயங்கும் கேன்சர் நோயாளிகள் உதவிச் சங்கமும் ஒன்று. 2006 ஜனவரியில் அலுவலகம் நோவார்ட்டிஸின் மனுவை நிராகரித்தது. ஏற்கெனவே உள்ள மருந்தைச் சற்றே மாற்றிவிட்டுப் புதிது என்று உரிமை கேட்கக் கூடாது என்கிற சட்டப் பிரிவு 3(டி)-யையே எதிர்த்து நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2007 ஆகஸ்டில் அங்கேயும் தோற்றது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் நோயாளிகள் பக்கம் நின்றது. ஏழு ஆண்டுக்கு மேல் இழுத்த வழக்கில், நோயாளிகளுக்கான சங்கம் ஒன்று உலகின் மிகப்பெரிய மருந்து நிறுவனங்களில் ஒன்றுக்கு எதிரே விடாமல் நின்றிருக்கிறது.

புராஸ்டேட் புற்றுநோய் மருந்துக்கும் இதைப் போன்ற கதை நடந்தது. முற்றிய நோய்க்குத் தரும் என்சலூட்டமைட் மாத்திரை, அமெரிக்க மக்களின் வரிப்பணத்தின் உதவியோடு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவில் அதன் ஓராண்டு விலை ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. மலிவு விலையில் புற்றுநோய் சிகிச்சை கேட்டுப் போராடும் நோயாளர் கூட்டமைப்பு ஒன்று, 2016 ஜனவரியில் மற்றோர் அமைப்போடு சேர்ந்து, வேறு நிறுவனங்களும் இதைத் தயாரிக்க அனுமதி கொடுங்கள் என்று அமெரிக்க அரசிடம் மனு கொடுத்தது. பலிக்கவில்லை. பிறகு புராஸ்டேட் நோயாளிகளே நேரடியாக மனு போட்டார்கள்; 2023 மார்ச்சில் அதுவும் தள்ளுபடியானது. ஆனால் 2016 நவம்பரில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் இந்த மருந்துக்குக் காப்புரிமை தர மறுத்துவிட்டது. இங்கே எதிர்மனு போட்டவர்கள் பெரும்பாலும் மருந்து உற்பத்தியாளர்களே. பல்கலைக்கழகம் டெல்லி உயர் நீதிமன்றம் போனபோது, வழக்கை விட்டுவிடு என்று அதற்குக் கடிதம் எழுதியவர்களில் வெளிநாட்டு நோயாளர் அமைப்புகள் இருந்தன. இன்று இந்திய நிறுவனங்கள் பல இந்த மாத்திரையை ஜெனரிக்காகத் தயாரிக்கின்றன. நாகர்கோவில் மெடிக்கல் ஸ்டோரில் அதை வாங்குகிற அண்ணாச்சிக்கு, முகம் தெரியாத சில நோயாளிகளும் அதற்காகக் குரல் கொடுத்தார்கள் என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

“பிஎஸ்ஏ கூடிவிட்டால் கேன்சர்தான். பயாப்சி எடுத்தால் பரவிவிடும்.”

இரண்டும் தவறு. சாதாரண புராஸ்டேட் வீக்கம், சிறுநீர்த் தொற்று, டியூப் போட்டது என்று பல காரணங்களால், ரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ அளவு கூடும். பயாப்சிக்காக ஊசி குத்தித் திசு எடுப்பதால் நோய் பரவுவது மிக மிக அரிது. அதற்குப் பயந்து சோதனையைத் தள்ளிப்போட்டு நோயை முற்றவிடுவதுதான் இங்கே அன்றாடம் நடப்பது.

இதில் நோயாளர் அமைப்புகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லமாட்டேன். எல்லா ஆண்களுக்கும் பிஎஸ்ஏ பார் என்று அமெரிக்க அமைப்புகள் நெடுங்காலம் முழங்கின. தேவையில்லாமல் அறுவை செய்து, சிறுநீர்க் கசிவோடு மிச்ச வாழ்நாளைக் கழித்தவர்கள் ஏராளம். 2012-ல் அந்நாட்டு நிபுணர் குழு வழக்கமான பிஎஸ்ஏ சோதனையே வேண்டாம் என்றது. 2018-ல், 55 முதல் 69 வயது வரை மருத்துவரோடு பேசி அவரவர் முடிவெடுக்கலாம் என்று மாற்றிக்கொண்டது. பிரிட்டனில் ஆரம்ப நிலை நோயுள்ள 1,643 ஆண்களை 15 ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வில் அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என எந்த வழியில் போனவர்களிலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். ஆக, அவசரப்படத் தேவையில்லாத நோயாளிகளும் உண்டு. அதை எடுத்துச் சொல்ல, கண்காணிப்பு வழியில் போய் நன்றாக இருக்கிற ஒருவர் பக்கத்தில் இருந்தால் மனதுக்குத் தைரியம்.

“விதையை எடுத்துவிட்டால் அப்புறம் மனுஷனே இல்லை.”

முற்றிய நோய்க்கு ஆண் ஹார்மோனை நிறுத்துவதே அடிப்படைச் சிகிச்சை. சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-ல் இதைக் காட்டினார். 1966-ல் நோபல் பரிசு பெற்றார். மாதாமாதமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ போடும் ஊசியும், ஒரே தடவையில் முடிகிற விதை நீக்கும் அறுவையும் செய்கிற வேலை ஒன்றே. ஊசிக்குச் செலவு தொடரும். அறுவைக்குச் செலவு குறைவு என்பதால் நம் நாட்டில் பலருக்கும் அதையே செய்கிறார்கள். ஆசை குறையும், திடீர் திடீரென்று உடம்பு வெந்து வியர்க்கும், எலும்பு மெலியும், மனம் சோரும். குரல் மாறாது, மீசை உதிராது. இதை முன்கூட்டியே அறிந்தவர் தாங்கிக்கொள்கிறார். அறியாதவர் மனைவியிடம்கூடச் சொல்லாமல் ஒதுங்கிப் படுக்கிறார். மருத்துவர் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாததை, அறுவை முடிந்து இரண்டு வருஷம் ஆன ஒருவர் ஒரு சாயங்காலத்தில் சொல்லிவிடுவார்.

“ராத்திரி ஒண்ணுக்குப் போறதும் நடுவு வலியும் வயசானா வரும் ஓய், ஆசான்கிட்ட தடவினா சரியாகும்.”

வர்ம ஆசான்கள் இந்த மண்ணின் சொத்து. அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. ஆனால் புராஸ்டேட் புற்றுநோய் முதலில் போய் உட்காருகிற இடங்களில் முதுகெலும்பு ஒன்று. அறுபது தாண்டிய ஆணுக்கு இரவில் கூடுகிற முதுகு வலியும் சிறுநீர்த் தொல்லையும் சேர்ந்து வந்தால், எண்ணெய் தொடுமுன் ரத்தப் பரிசோதனை நடக்க வேண்டும். நோய் பரவிய எலும்பில் அழுத்தினால் முறியக்கூடும். கால் மரத்து நடை தளர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி போயாக வேண்டும். தள்ளிப்போட்டால் நடை திரும்பாது. குமரி மாவட்டத்தில் நோயாளர் அமைப்பு ஒன்று எழுந்தால், அது முதலில் போய்ப் பேச வேண்டியது ஆசான்களிடம்தான். கோட்டாறிலும் தக்கலையிலும் ஆண்கள் தங்கள் வலியை முதலில் சொல்கிற ஆட்கள் அவர்கள்.

“நம்ம ஊரில் அதற்கெல்லாம் வழி ஏது?”

நம் மாவட்டத்து நெய்யூரில் 1838-லேயே மருத்துவப் பணி தொடங்கிவிட்டது. 1922 எவரெஸ்ட் பயணம் முடித்து வந்த ஹோவர்ட் சோமர்வெல், அங்கிருந்த ஆஸ்பத்திரியின் நெரிசலைப் பார்த்துவிட்டு அங்கேயே அறுவை மருத்துவராக இருக்க முடிவெடுத்தார். இன்று அதே நெய்யூரில் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு ரயிலேறினால் இரண்டு மணி நேரம் போதும். அதே ஊரில், 2003-ல் தொடங்கிய பாலியம் இந்தியா என்ற அமைப்பு வலி தணிப்புப் பணி செய்கிறது. ஊர்க்காரர்களே தன்னார்வலராகப் பயிற்சி பெற்று நோயாளி வீட்டுக்குப் போகிற வழக்கம் கேரளத்தில் வேரூன்றி விட்டது. தமிழ்நாட்டில் 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்திலும் வீடு தேடிவரும் வலி தணிப்புச் சேவை உண்டு. இவற்றையெல்லாம் கோத்துக் கொடுக்கிற நோயாளிகள் கூட்டம் ஒன்றுதான் பாக்கி.

அதற்கு சர்ச் கூடமோ ஊர் நூலகமோ போதும். சிகிச்சை முடித்த நாலு பேர், ஒரு நர்ஸ், கூடவே மனைவிமார். ரிப்போர்ட் ஃபைலைச் சுமக்கிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். முதல் கூட்டத்தில் பணத்தைப் பற்றியே பேசலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. சந்தேகம் கேட்க 104-க்குப் போன் செய்யலாம். புற்றுநோய் சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ ரயிலில் போகிறவருக்கும் துணைக்குப் போகிறவருக்கும் இரண்டாம் வகுப்பில் 75 சதவீதக் கட்டணச் சலுகை. ஸ்லீப்பரில் நோயாளிக்குக் கட்டணமே இல்லை. ரயில்வே படிவத்தில் ஆஸ்பத்திரி மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஸ்டேஷன் கவுண்டரில் கொடுக்க வேண்டும்.