இன்ஹேலருக்கு அடங்காத மூச்சுச் சத்தம்

கேள்வி: என் கணவருக்கு வயது 34. ஓசூர் சிப்காட்டில் லோடிங் வேலை. நான்கு மாதம் முன்பு சூளகிரி அருகே பைக் விபத்தில் தலையில் அடிபட்டு, பெங்களூருவில் 12 நாள் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்து வந்தார். இப்போது மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, இழுப்புச் சத்தமும் கேட்கிறது. ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள், குறையவில்லை. வேலைக்கு அனுப்பலாமா?

— ஓசூர் வாசகி

பதில்: இன்ஹேலர் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் அந்த 12 நாள் கதையைச் சொன்னீர்களா அம்மா? அடிபட்டவரை அத்திப்பள்ளி தாண்டி அவசரமாகக் கொண்டுபோகிறோம். ஊர் திரும்பியதும் டிஸ்சார்ஜ் சம்மரி பீரோவுக்குள் போய்விடுகிறது. இங்கே பார்ப்பவருக்கு அவர் வீசிங்கோடு வந்த இன்னொரு நோயாளி, அவ்வளவுதான்.

வென்டிலேட்டர் குழாயின் நுனிக்குச் சற்று மேலே சின்ன பலூன் ஒன்று உண்டு. காற்று கசியாமலிருக்க அதை ஊதி வைப்பார்கள். அதன் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீர் அளவுக்குள் இருக்க வேண்டும். அதிகமானால் மூச்சுக்குழாயின் உள்தோலுக்கு ரத்தம் போகாது, புண்ணாகும். ஆறும்போது தழும்பு சுருங்கி, பாதையை இறுக்கும். இதற்குச் சில வாரம், சில மாதம்கூட ஆகும். அதனால்தான் வீட்டுக்கு வந்தபோது நன்றாக இருந்தார். மருத்துவமனையைக் குறை சொல்லிப் பயனில்லை. உயிரைக் காத்ததும் அந்தக் குழாய்தான். கவனமாகப் பார்த்த இடத்திலும் இது வருவதுண்டு.

அவர் படியேறி வந்து நின்றதும் கழுத்தருகே காது வைத்துக் கேளுங்கள். ஆஸ்துமாவில் சத்தம் பெரும்பாலும் மூச்சை விடும்போது, நெஞ்சிலிருந்து வரும். மூச்சை உள்ளே இழுக்கும்போது, தொண்டைக்குக் கீழிருந்து கரகரவென்று வந்தால் எனக்குச் சந்தேகம் மூச்சுக்குழாய்ச் சுருக்கத்தின் மேல்தான். வராவிட்டாலும் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேயை நம்பி உட்கார வேண்டாம். அதில் இது எளிதில் தப்பிவிடும். கழுத்து, நெஞ்சு சி.டி. ஸ்கேனும், கேமரா விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பியும் வேண்டும். கிருஷ்ணகிரியில் 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியில் காது மூக்கு தொண்டை பிரிவில் காட்டித் தொடங்கலாம். ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால், பெரிய மருத்துவமனைக்குப் போகுமுன் பரிந்துரைக் கடிதம் வாங்கிவிடுங்கள்.

சுருக்கம் மெல்லியதாக இருந்தால் பலூனால் விரிக்கலாம். ஆனால் பலருக்குத் திரும்ப வரும். நிலையான தீர்வு, சுருங்கிய துண்டை வெட்டியெடுத்து இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பது. பெரியவர்களின் மூச்சுக்குழாய் 10 முதல் 12 செ.மீ. நீளம், சில செ.மீ. எடுத்தாலும் சேர்த்துவிடலாம். தையல் இழுபடாமலிருக்க, தாடையை நெஞ்சோடு சேர்த்து நூல் போட்டு ஒரு வாரம் போலத் தலையைக் குனிந்தபடியே வைத்திருப்பதும் உண்டு. இதை அடிக்கடி செய்து கைபழகிய சர்ஜனிடம் மட்டும் போங்கள். அறுவை தாங்காதவர்களுக்கு டி வடிவக் குழாய் வைப்பார்கள்.

கேமரா பார்க்கும்வரை லோடிங் வேலை, நைட் ஷிப்ட் இரண்டும் வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதே சத்தம் கேட்டாலோ, முழு வாக்கியம் பேச முடியாவிட்டாலோ, மூச்சிழுக்கையில் கழுத்துக்குழி உள்வாங்கினாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். ஒட்டுச்சளி ஒரு துளி சிக்கினாலும் அந்தப் பாதை அடைத்துக்கொள்ளும். வருகிறவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது, "டியூப் போட்டிருந்தாங்க."