நெல்மணிக்குள் வழி தேடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

அம்பை 16 நெல்லை எடுத்து, அதன் மணிக்குள் புரதங்கள் எப்படி இடம் பிரிந்து போகின்றன என்று ஆராயப் போவதாக எழுதியிருந்தாய். மிகுந்த மகிழ்ச்சி. 1937-இல் தொடங்கிய அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகம் அது. உன் கேள்விக்கான பதில் உன் ஊர் வயலிலேயே விளைகிறது.

நெல்மணியில் இரு பெரும் புரதக் குடும்பங்கள் உண்டு. இரண்டுமே எண்டோபிளாச வலையில்தான் உருவாகின்றன. புரோலமின் அங்கேயே உருண்டு திரண்டு தங்கிவிடும். குளூட்டலின் அங்கிருந்து புறப்பட்டு, கோல்கை வழியாகச் சேமிப்பு வாக்குவோலுக்குப் போய்ச் சேரும். தாமிரபரணித் தண்ணீர் மடை திறந்த பக்கம் பாயும். புரதம் அப்படியல்ல, போக வேண்டிய இடத்துக்கான சமிக்ஞையைத் தன் உடலிலேயே சுமந்து போகிறது. அதை ஓர் ஏற்பிப் புரதம் பற்றிப் பிடித்தால்தான் பயணம்.

அந்தச் சமிக்ஞையை வெறும் எழுத்து வரிசையாக நினைத்துவிடாதே. சர்க்கரைவள்ளிக்கிழங்கின் ஸ்போராமின் புரதத்தை வாக்குவோலுக்கு அனுப்புவது அஸ்பராஜின், புரோலின், ஐசோலியூசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமில வரிசை. அதில் ஐசோலியூசினை எடுத்துவிட்டுக் கிளைசினை வைத்தால் புரதம் செல்லுக்கு வெளியே போய்விடுகிறது. லியூசினை வைத்தாலோ சரியான இடத்துக்கே போகிறது. நீரை விலக்கும் பருத்த பக்கக்கிளை ஒன்று அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஏற்பி பார்ப்பது வடிவத்தை. ஆகவே கணினி ஒரு வரிசையைக் காட்டிவிட்டது என்பதற்காகச் சமிக்ஞை கிடைத்துவிட்டதாக எழுதாதே. அதை நீக்கினால் புரதம் வழி தவற வேண்டும். சம்பந்தமில்லாத வேறொரு புரதத்தில் ஒட்டினால் அதுவும் அதே இடத்துக்குப் போக வேண்டும். இரண்டையும் காட்டினால்தான் உன் பேச்சு நிற்கும்.

இந்த இரட்டைச் சோதனைக்கு நல்ல பாடம் மின்மினி. 1980-களின் பிற்பகுதியில் சுரேஷ் சுப்ரமணியின் சான் டியாகோ ஆய்வகம், மின்மினியின் லூசிஃபெரேஸ் நொதி பெராக்சிசோமுக்குப் போவது அதன் கடைசி மூன்று அமினோ அமிலங்களால்தான் என்று காட்டியது: செரின், லைசின், லியூசின். வேறு புரதத்தின் வாலில் அந்த மூன்றையும் ஒட்டினால் அதுவும் பெராக்சிசோமுக்குப் போனது. ஆனால் அவை வால் முனையிலேயே இருந்தாக வேண்டும். உன் புரதம் போகும் இடத்தைக் காட்டப் பச்சை ஒளிர் புரதத்தை எந்த முனையில் ஒட்டுவது என்று நீ முடிவு செய்யும்போது இதை மறந்துவிடாதே. தவறான முனையில் ஒட்டினால், தேடி வந்த சமிக்ஞையை நீயே மூடி மறைத்தவனாவாய்.

இன்னொன்று. வாக்குவோலுக்குள் போன குளூட்டலின் இரண்டாக வெட்டுப்படும்; போகாதது 57 கிலோடால்டன் முன்னோடியாகவே தேங்கும். ஜெல்லில் அந்தப் பட்டை தடித்திருப்பதைக் கண்டதும் சமிக்ஞை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதே. ராப்5 மரபணு பழுதான நெல்லிலும் அதே பட்டைதான் தடிக்கும். அங்கே சமிக்ஞையில் ஒரு குறையும் இல்லை. சுமந்து செல்லும் ஏற்பாடுதான் பழுது. சமிக்ஞையா, ஏற்பியா, போக்குவரத்தா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்.

இந்தக் கவனம் வயலிலேயே தொடங்க வேண்டும். ஒரே கதிரிலும் நுனிப் பூக்கள் முதலில் மலரும், அடிப் பூக்கள் சில நாள் கழித்துத்தான். பால் பிடிக்கும் பருவத்தில் கதிரை மொத்தமாக உருவி அரைத்தால், பல வயது மணிகள் ஒன்றாகக் கலந்துவிடும்; எந்தப் பட்டைக்கும் பொருள் இருக்காது. பூத்த நாளை எழுதிக் கதிரில் சீட்டுக் கட்டு. ஒரே இடத்து மணிகளை மட்டும் எடுத்து, வரப்பிலேயே பனிக்கட்டியில் வை.

அவசரப்பட்டு ஆய்வுக்கட்டுரை எழுதாதே. மூன்று பயிர்களில் ஒரே விடை வந்த பிறகு எழுது. அதை யாரும் அசைக்க முடியாது.

அன்புடன்,
உன் அண்ணன்